எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கணினியோ மடிக்கணினியோ வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். செல்போன் மட்டும் வைத்திருப்பவர்கள் தாராளமாக அடுத்த பதிவுக்குப் போகலாம்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். பள்ளிக்கு முதன்முதலாகக் கணினிகள் வந்து இறங்கியபோது, "சார், உங்களுக்குத்தான் வயரிங் எல்லாம் தெரியுமே" என்று சொல்லித் தலைமையாசிரியர் அந்த அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். ஓய்வுபெறும் நாள்வரை அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதனால் இன்றைக்கும் கோயிலில் பார்த்தாலும், ரேஷன் கடை வரிசையில் பார்த்தாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "சார், எந்த ஆன்டிவைரஸ் போட்டா நல்லது?"

நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன். "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற சாஃப்ட்வேர்ல எதெல்லாம் காசு குடுத்து வாங்கினது, எதெல்லாம் முறையா இலவசம்?" உடனே ஒரு சிரிப்பு வரும். "எல்லாம் கடைத் தம்பி போட்டுக் குடுத்தது சார். எல்லாமே போட்டுக் குடுத்துட்டான்."

அந்த "எல்லாமே"வைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நம் ஊர் வீட்டுக் கணினிகள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் ஆன்டிவைரஸ் இல்லாதது என்று நான் நினைக்கவில்லை. திருட்டுப் பிரதிதான் முதல் காரணம். அதை வைத்துக்கொண்டு மேலே எந்த ஆன்டிவைரஸைப் போட்டாலும் பெரிய பிரயோஜனம் கிடையாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. பரவாயில்லை, ஏன் சொல்கிறேன் என்பதையும் கேளுங்கள்.

விலைக்கு விற்கும் மென்பொருளின் பூட்டை உடைத்துக் கொடுக்கும் சின்ன நிரலுக்குக் கிராக் என்று பெயர். விண்டோஸுக்கு என்றால் ஆக்டிவேட்டர் என்பார்கள். இதை இறக்கும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்போதாவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? ஆன்டிவைரஸை முதலில் நிறுத்தச் சொல்வார்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டச் சொல்வார்கள். இறக்கிய ஜிப் கோப்புக்கு ஒரு பாஸ்வேர்டும் கொடுத்திருப்பார்கள், 1234 மாதிரி. ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு எதற்கு என்று யோசியுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான்.

"பூட்டை உடைக்கிற புரோகிராம்ங்கிறதால ஆன்டிவைரஸ் அதைத் தப்பா வைரஸ்னு காட்டும் சார், பயப்பட வேண்டாம்" என்று கடையில் சொல்வார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சங்கடம். பூட்டை மட்டும் உடைக்கும் கிராக்கையும் ஆன்டிவைரஸ் பிடிக்கும். கூடவே திருட்டு நிரலை ஒட்டிக்கொண்டு வரும் கிராக்கையும் பிடிக்கும். இரண்டுக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே எச்சரிக்கைதான். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லக் கடைத் தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒருவன் வரும்போது மட்டும் "நீ போய் டீ குடிச்சிட்டு வாப்பா" என்று நாமே அனுப்பிவைக்கிற கதை இது.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எல்லோரும் தமிழய்யா என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றார். பணியில் இருந்த காலத்திலேயே சனி, ஞாயிறுகளில் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய்விடுவார். நாற்று நடும் பெண்கள் பாடுவது, இழவு வீட்டில் பாட்டிமார் சொல்லும் ஒப்பாரி, தாலாட்டு எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். பரணில் வைத்திருந்த நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கரையானுக்குப் பயந்துதான் ஓய்வுக்குப் பிறகு தட்டச்சு கற்றுக்கொண்டு, மிஞ்சியதையெல்லாம் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார். ஒரு பாட்டுக்கு ஒரு கோப்பு. நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. சில பாட்டிமார் பாடியதை மகன் வாங்கிக் கொடுத்த போனில் வீடியோவாகவும் எடுத்து, அதையும் கணினியிலேயே வைத்திருந்தார்.

புத்தகமாகக் கொண்டுவர ஆசைப்பட்டார். அட்டை வடிவமைக்க ஒரு விலை உயர்ந்த மென்பொருள் தேவைப்பட்டது. "முந்நூறு ரூபா குடுங்க ஐயா, நான் போட்டுத் தர்றேன்" என்றான் ஒரு தம்பி. வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் திரையில் விண்டோஸ் அப்டேட் ஆகிக்கொண்டிருப்பதாக ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. சரி, ஆகட்டும் என்று ஐயா காபி குடிக்கப் போய்விட்டார். இரவு எனக்குப் போன்: "சார், பாட்டு ஒண்ணுமே தெறக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்தில் ஒரு புது வால் முளைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்ற பெயரில் ஒரு கடிதம். கோப்புகளைத் திறக்க 980 டாலர் கொடு. 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி, 490 டாலர். ஆடித் தள்ளுபடி மாதிரி. அன்றைய மதிப்பில் அந்தப் பாதியே 36,000 ரூபாய்க்குப் பக்கம்.

இந்த வகைப் பணயத் திருட்டு நிரலுக்கு ஸ்டாப் டிஜேவியூ என்று பெயர். பெரிய நிறுவனங்களைக் குறிவைப்பவை வேறு; இது உலகம் முழுக்க நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களைத்தான் குறிவைத்தது. இது பரவிய முக்கியமான வழியே கிராக்தான். ஐயா பார்த்த அந்த அப்டேட் பெட்டியும் இதன் நாடகம். கணினி மெதுவாகிறதே என்று சந்தேகம் வராமல் இருக்க அதைக் காட்டிவிட்டு, பின்னால் கோப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

திறக்க வழி உண்டா என்று தேடினோம். எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கு இலவசமாகவே திறக்கும் கருவி வெளியிட்டது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே திருடர்கள் பூட்டும் முறையை மாற்றியிருந்தார்கள். புது வகையில் நடப்பது இதுதான்: பூட்டும் நேரத்தில் நிரலால் திருடனின் சர்வரோடு பேச முடிந்தால், அந்தக் கணினிக்கென்றே தனிச் சாவி வரும். பேச முடியாமல் போனால், நிரலுக்குள்ளேயே இருக்கும் பொதுச் சாவியைக் கொண்டு பூட்டும். பொதுச் சாவி என்றால் என்றைக்காவது வெளியே வர வாய்ப்பு உண்டு; ஒருவருக்குத் திறந்தால் எல்லோருக்கும் திறக்கும். ஐயா வீட்டில் இணையம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. தனிச் சாவி.

இன்னொரு விஷயம் எனக்கு அப்போதுதான் தெரிய வந்தது. இந்த நிரல் ஒவ்வொரு கோப்பையும் முழுவதாகப் பூட்டுவதில்லை. வேகமாக முடிக்க வேண்டும் என்பதற்காக முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டுப் போய்விடும். பெரிய வீடியோவில் 150 கேபி என்பது தலைமுடி அளவு. அதனால் பாட்டிமார் பாடிய வீடியோக்களில் பலவற்றை மீட்க முடிந்தது. ஆனால் எழுதிவைத்த பாட்டு ஒவ்வொன்றும் 20 கேபி, 30 கேபி. மொத்தமும் பூட்டுக்குள் போய்விட்டது. பாடிய பாட்டிமாரில் பெரும்பாலோர் இன்று உயிரோடு இல்லை.

பணம் கட்டலாமா என்று ஐயா கேட்டார். வேண்டாம் என்றேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த வீட்டைப் பூட்டத்தான் போகும். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனியாக ஒரு டிஸ்கில் எடுத்துவைத்திருக்கிறோம். யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் அவ்வப்போது புதுச் சாவிகள் சேரும். இப்படி யாராவது மாட்டினால், பார்மட் அடிப்பதற்கு முன் அங்கே ஒரு முறை பாருங்கள். புகாரை 1930 என்ற எண்ணிலோ மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலோ பதிவு செய்யுங்கள். கோப்பு திரும்பி வருகிறதோ இல்லையோ, கணக்கில் ஏறட்டும்.

அந்தக் கடைத் தம்பியை நான் திட்டவில்லை. அவனுக்கு அவன் முதலாளி சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். கேட்பது நாம். "எல்லாம் போட்டுக் குடு தம்பி" என்று கேட்டு, போட்டுக் கொடுத்தால் "நல்ல பையன், தங்கமான பையன்" என்று பத்துப் பேரிடம் சொல்கிறோம். ஒன்றும் போடாமல் முறையானதை மட்டும் போட்டுக் கொடுத்தால் அவனிடம் யாரும் திரும்பப் போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படுவது பிரெயின். 1986-ல் லாகூரில் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதியது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களைக் குறிவைத்துத்தான் எழுதினோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் வைரஸுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள், அவ்வளவு வெள்ளந்தி. ஃபிளாப்பியை ஒருவரிடம் வாங்கி இன்னொருவர் காப்பி எடுத்து, அப்படியே கண்டம் விட்டுக் கண்டம் போய்விட்டது.

"ஐயா, என் கம்ப்யூட்டர்ல கிராக் போட்டு நாலு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று ஒரு மாணவர் போன வாரம் வாதாடினார். ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? பணயம் கேட்கும் நிரல் தன்னை அறிவித்துக்கொள்ளும். சத்தமே போடாத இன்னொரு ஜாதி இருக்கிறது. உள்ளே வந்து, பிரவுசரில் நாம் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளையும், ஜிமெயிலிலும் பேஸ்புக்கிலும் ஏற்கனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளத்தையும் ஒரே அள்ளாக அள்ளி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். லும்மா என்று ஒன்று. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பல நாட்டுக் காவல்துறைகளும் சேர்ந்து அதன் கட்டமைப்பை முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அத்தனை வீடுகளிலும் எத்தனை பேர் "ஒண்ணும் ஆகலையே" என்று நினைத்துக்கொண்டிருந்தார்களோ.

சரி, காசுக்கு எங்கே போவது? நியாயமான கேள்வி. பென்ஷன்காரர்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்து மென்பொருள் வாங்கு என்று சொன்னால் அது வறட்டு உபதேசம். நான் சொல்வது வேறு. நம் வீட்டு வேலைகளில் முக்கால்வாசிக்கு முறையாகவே இலவசமான மென்பொருள் இருக்கிறது. கடிதம், கணக்கு, மனு, கேள்வித்தாள் எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆபீஸ் போதும். தமிழ் யுனிகோடு அதில் ஒழுங்காக வரும். படத்தைச் செதுக்க ஜிம்ப், அட்டை வரைய இங்க்ஸ்கேப், புத்தகப் பக்கம் கட்ட ஸ்கிரைபஸ். பழகக் கொஞ்சம் நாளாகும். தமிழய்யா எழுபது வயதில் லிப்ரே ஆபீஸ் பழகிவிட்டார். மீண்ட வீடியோக்களைப் போட்டுக் கேட்டுக் கேட்டு இப்போது அதில்தான் மறுபடியும் எழுதுகிறார். இதுவரை அறுபத்தேழு பாட்டு ஆகியிருக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கூகுள் முன்பு விண்டோஸுக்குத் தமிழ் எழுத ஒரு கருவி கொடுத்துக்கொண்டிருந்தது; பிறகு அதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே பெயரில் "கூகுள் தமிழ் டைப்பிங் ஃப்ரீ டவுன்லோடு" என்று எத்தனையோ தளங்கள் இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் வருவது பழைய அசலா, வேறு எதுவுமா என்று யாரும் சோதிப்பதில்லை. அது உங்களுக்குத் தேவையும் இல்லை. 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-லேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். அதை விட்டுவிட்டு எங்கேயோ போய் இறக்குகிறோம்.

இப்போது ஆன்டிவைரஸுக்கு வருகிறேன். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அது கடைசி பெஞ்சு மாணவன் மாதிரி. ஏவி டெஸ்ட் போன்ற பரிசோதனைக் கூடங்கள் வைத்த தேர்வில் பாஸ் மார்க்குக்கே தடுமாறியது. இன்று அதே தேர்வுகளில் முதல் வரிசையில் நிற்கிறது. சாதாரண வீட்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்குவதானால் வாங்குங்கள், தவறில்லை. நம் சென்னையிலேயே 1991 முதல் கே7 நிறுவனம் இதே தொழிலில் இருக்கிறது. ஆனால் இரண்டு மூன்றை ஒரே கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கணினி மாட்டு வண்டி வேகத்தில் போகும். ஆன்டிவைரஸிலேயே கிராக் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஆன்டிவைரஸ் முக்கியமாக இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. தெரிந்த திருடர்களின் புகைப்படப் பட்டியலை வைத்துக்கொண்டு வருகிறவர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்று. புது ஆளாக இருந்தாலும் நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படுவது மற்றொன்று. இன்று காலையில் பிறந்த நிரல் முதல் வழியில் சிக்காது. நீங்களே அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் இரண்டாவது வழியும் திணறும். அதனால் அதிகாரத்தைக் குறைத்து வைப்பது நல்லது. கணினி வாங்கியதும் நாம் பயன்படுத்தும் கணக்கு பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்காகவே இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராக வேறொரு கணக்கைத் தொடங்கிப் பாஸ்வேர்டை டைரியில் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, நீங்களும் பேரப்பிள்ளைகளும் அன்றாடம் புழங்கும் கணக்கை 'ஸ்டாண்டர்டு' வகைக்கு மாற்றிவிடுங்கள். பேரன் விளையாட்டு என்று எதையாவது இறக்கினால், பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். தாத்தாவைத் தேடி வருவான். அப்போது என்ன ஏது என்று கேட்டுக்கொள்ளலாம்.

அதேபோல ஒரு சின்ன வேலை, இரண்டு நிமிடம். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு வால் இருக்குமே, அதுதான் அது கடிதமா, படமா, ஓடும் நிரலா என்று சொல்லும் ஜாதகம். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்து வைக்கிறது. ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்கு இத்தனை வருடமாகக் கோபம். 2000 மே மாதம் உலகையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த ஒரு ஓட்டையில்தான் பயணம் செய்தது. காதல் கடிதம், டெக்ஸ்ட் கோப்பு என்பது போலப் பெயர் தெரிந்தது. உண்மையான வாலான விபிஎஸ் மறைந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஓடியும் அந்த மறைப்பு அப்படியே இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய், 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் போடுங்கள். பிறகு "மின் கட்டண ரசீது, பிடிஎஃப்" என்று வருவதன் வாலில் இஎக்ஸ்இ என்று இருந்தால் உங்களுக்கே தெரியும்.

பென் டிரைவ் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஊர்ப் பதிவாகாது. ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவை எடுத்துப்போய்ப் பிரின்ட் எடுத்து வந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். உள்ளே இருந்தவை அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டைத் தட்டினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால் பலருக்குச் சந்தேகமே வராது. முன்பு பென் டிரைவைச் செருகினாலே தானாக ஓடியது. 2011-ல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களிலும் அந்த வசதியை நிறுத்திய பிறகு அந்த வழி அடைபட்டது. இப்போது நாம் தட்டினால்தான் ஓடும். பிரின்ட் எடுக்கவென்று குடும்பப் படங்கள் இல்லாத ஒரு தனிப் பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிரின்டுக்கான கோப்பு மட்டும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் திறந்து பார்க்காமல் வலது கிளிக் செய்து பார்மட் அடித்துவிடுங்கள்.

புதிதாக ஒரு தந்திரம் வந்திருக்கிறது, இதைக் கட்டாயம் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஏதோ ஒரு இணையப் பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்கும். வழக்கமாக வருவதுதானே என்று தட்டினால், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று படிப்படியாகச் சொல்லும். உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை ஏற்கனவே காப்பி செய்து வைத்திருப்பான். அதை உங்கள் கையாலேயே ஓட்டவைக்கிறான். எந்த நேர்மையான தளமும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது. அதே ரகம்தான், "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று சைரன் சத்தத்தோடு வரும் பக்கமும். அழைக்காதீர்கள். பிரவுசரை மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் கணினியையே அணைத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

அப்டேட்டைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். "வேலை நேரத்துல வந்து உசுர எடுக்குது சார்." உண்மைதான். ஆனால் 2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை வந்தபோது யாரும் எதையும் தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நெட்வொர்க் வழியாகத் தானே கணினிக்குக் கணினி தாவியது. 150 நாடுகள். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. இங்கேயும் திருட்டுப் பிரதி குறுக்கே வருகிறது: ஆக்டிவேட்டர் போட்டவர்கள் "அப்டேட் பண்ணினா ஆக்டிவேஷன் போயிடும்" என்று அப்டேட்டையே நிறுத்திவைத்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை, நீட்டிப்பு உண்டு. அப்டேட் பகுதியிலேயே பதிவு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குப் பணம் கிடையாது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அப்படிப்பட்ட பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டால் இணையம், கடிதம், படம் பார்ப்பது எல்லாம் ஓடும். என்னுடைய பழைய மடிக்கணினி அதில்தான் ஓடுகிறது, இந்தப் பதிவும் அதில் அடித்ததுதான்.

கடைசியாக, பிரதி எடுத்து வைப்பது. மேலே சொன்ன எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள். ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒரு நாள் வைத்துக்கொண்டு, போட்டோ, பத்திர ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ், நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, வயரைப் பிடுங்கி பீரோவில் வையுங்கள். வயரைப் பிடுங்குவதுதான் முக்கியம். கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்கும் டிஸ்கையும் பணயத் திருடன் சேர்த்துத்தான் பூட்டுவான். கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ இருக்கிறதே என்பார்கள். இங்கே பூட்டப்பட்ட கோப்பு அங்கேயும் பூட்டப்பட்டதாகவே போய்ச் சேரும். பழைய வடிவத்தைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், அதற்குள் நாம் கவனிக்க வேண்டும். அது இருக்கட்டும், ஆனால் பீரோ டிஸ்கும் இருக்கட்டும். டிஸ்கில் போட்டதை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று.

இனிமேல் கணினியைக் கடையில் கொடுத்தால் ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன மென்பொருள் போட்டீர்கள் என்று பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், சண்டை வேண்டாம், எழுதித் தரச் சொன்னால் போதும். எங்கள் ஊரில் ஒரு கடையில் இப்போது அந்தத் தம்பியே "இதுக்கு லிப்ரே ஆபீஸ் போட்டுடட்டுமா சார்?" என்று முதலில் கேட்கிறார்.

சந்தேகங்களைக் கீழே கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். "ஃப்ரீ டவுன்லோடு" லிங்க் யாராவது போட்டால், யாராக இருந்தாலும் நீக்கிவிடுவேன். போன தடவை ஒரு முன்னாள் மாணவர் போட்டு நீக்கியதற்கு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.